மணிக்கோட்டைக் கதைக்கு நானூறு

மைத்துனன் அவருக்குப் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தான். மூன்று வருடக் கடன். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, பெண்டாட்டி முகத்துக்காகக் கொடுத்தது. அவன் வாங்கியது வயிற்றுப்பாட்டுக்கோ வைத்தியத்துக்கோ அல்ல. வீடியோ கேம் ஆடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்க.

கொடுத்தவர் பழைய இரும்புக்கடைக்காரர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. தெருத்தெருவாகக் கோணிப்பையோடு ஆணி பொறுக்கி ஆரம்பித்தவருக்கு இன்றைக்கு இரண்டு லாரி, ஏழு வேலையாட்கள். எந்தச் சாமானையும் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்வார், ஐம்பது கிராம் பிசகாது. பட்டம் வாங்கிய எத்தனை பேருக்கு இது வரும்?

மைத்துனனுக்கு வயது முப்பத்தெட்டு. ஜெராக்ஸ் கடையில் வேலை. சாயங்காலமானால் மணிக்கோட்டை என்ற அந்த விளையாட்டுக்குள் புகுந்துகொள்வான். இல்லாத ஊர், இல்லாத ராஜா, இறக்கை முளைத்த பன்றிகள். எட்டு வருடம் கழித்து அதற்கு இரண்டாம் பாகம் வருகிறதாம், அதுவும் வெள்ளிக்கிழமை. ஆனால் முதல் பாகத்தின் கதை எல்லோருக்கும் மறந்துவிட்டதாம்.

"மறந்தா என்னடா குடி முழுகிடும்?"

"யாருக்கு யார் உறவு, எந்தச் சண்டை எதுக்குன்னு தெரியாம ஆடினா ஒண்ணுமே புரியாது மாமா."

"சொந்தப் பெரியப்பா பையன் கல்யாணத்துல யார் யாருன்னு தெரியாம முழிச்சே. பன்னிக்கு மட்டும் பரம்பரை ஒப்பிக்கிறியா?"

அன்றைக்கே கெடு வைத்தார். "வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள பணம் வரணும். இல்லேன்னா பெட்டி என் தராசுல ஏறும். பதினொரு கிலோ இருக்கும். இரும்பு விலைக்கு எடுத்துக்கிறேன்."

"சொன்னா செஞ்சிடுவாருடா," என்றாள் அக்கா.

பெட்டி போனால் இரண்டாம் பாகமும் போச்சு. மைத்துனன் தெருமுனை கேம் சென்டர்காரனைப் பிடித்தான். வியாழன் மாலை அங்கே அறுபது நாற்காலி; தலைக்கு நானூறு; மைத்துனன் முதல் பாகத்தின் கதையைச் சொல்வான்; வசூலில் கால் பங்கு சென்டர்காரனுக்கு. வாசலில் போர்டு வைத்தார்கள்: 'மூன்று மணி நேரத்தில் முழுக்கதை. அரசியைக் கொன்றது யார் என்பது உட்பட. இல்லையென்றால் பணம் வாபஸ்.' இரண்டே நாளில் அறுபது நாற்காலியும் விற்றுப்போனது. ஊரில் இத்தனை முட்டாள்கள் இருப்பது கடைக்காரருக்கு அதுவரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை மைத்துனன் இரும்புக்கடைக்கு வந்தான். முகம் செத்திருந்தது. அந்த விளையாட்டில் கதையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லையாம். உடைந்த மோதிரம், ஓட்டைச் சட்டி என்று ஒவ்வொரு சாமானுக்கும் கீழே நாலு வரி எழுதியிருக்கும். அதையெல்லாம் கோத்தால்தான் கதை. இவனோ பை கனக்கிறதென்று பாதியைப் படிக்காமலே அங்கிருந்த ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டான். அரசி செத்த விவரம் அதில் போய்விட்டது.

"என்னத்த வித்தே?"

"பெரிய மணியோட நாக்கு. பத்துக் காசுக்கு."

"எடை?"

"எடையெல்லாம் போட மாட்டான் மாமா. இப்ப திருப்பிக் கேட்டா ஐநூறு சொல்றான். என் வாளை வித்தாத்தான் முடியும்."

"பத்துக்கு வாங்கி ஐநூறா? பேரம் பேசிப் பார்த்தியா?"

"அவன் பேசவே மாட்டான்."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்த ராஜ்யத்துல உருப்படியா ஒருத்தன் இருக்கான்னா அது அவன்தான். போ, வாளை வித்துத் தொலை."

வியாழக்கிழமை வேலையாள் ஒருவனோடு லாரியிலேயே போய் இறங்கினார். மைத்துனன் அங்கே கொண்டுவந்திருந்த பெட்டியைத் தூக்க வசதியாக வாசல் ஓரம் நின்றார். உள்ளே ஒரு பல் டாக்டர், வரி ஆபீஸ் குமாஸ்தா, கல்லூரிப் பெண்கள். பாதிப் பேர் மடியில் நோட்டு வேறு. மைத்துனன் திரையில் படம் காட்டிக் காட்டிச் சொன்னான். ஜெராக்ஸ் கடையில் எத்தனை காப்பி என்று கேட்கவே திக்குகிறவன் இங்கே மூச்சுவிடாமல் பேசினான். அவர் காதில் வாங்கவில்லை. தலைகளை எண்ணினார். அறுபது சரியாக இருந்தது.

கடைசியில் மணியின் நாக்கு திரையில் வந்தது. ஆபத்தை அறிவிக்கும் பெரிய மணி அன்றைக்கு அடிக்கவில்லை; முந்தின நாளே அதன் நாக்கைக் காவலன் கழற்றிவிட்டான்; ஆகவே அவன்தான் கொலைகாரன் என்று மைத்துனன் முடித்தான்.

பல் டாக்டர் எழுந்தார். "காவலனுக்கு ஒரு கைதானே? அவன் எப்படிக் கழட்டினான்? இது முழுக்கதை இல்லைங்க. பணத்தக் குடுங்க."

"ஆமா, குடுங்க!" என்று நாலைந்து குரல் எழுந்தது. சென்டர்காரன் கல்லாப்பெட்டி மேல் கையை வைத்தான்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அறிவு இருக்காய்யா உங்களுக்கு? அந்த மணிக்கு நாக்கே நாற்பது கிலோ இருக்கும். ஒருத்தன் கீழ தாங்கணும், ஒருத்தன் மேல கொக்கியை நெம்பணும். இந்த மாதிரி மணியை நான் கழட்டியிருக்கேன். ரெண்டு கை இருந்தாலும் ஒத்தை ஆளால முடியாது. இதுகூடத் தெரியாமலா நானூறு குடுத்து உக்காந்திருக்கீங்க?"

சத்தம் அடங்கியது. நோட்டு வைத்திருந்த ஒரு பெண் துள்ளினாள். "அப்போ இன்னொருத்தன் தாங்கியிருக்கான்! அண்ணா, முன்னாடி காட்டின அந்தக் கையுறையைத் திரும்பக் காட்டுங்க, உள்ளங்கையில துருன்னு எழுதியிருக்குமே!"

மைத்துனன் அவசரமாகத் தேடிக் காட்டினான். 'உள்ளங்கையில் இரும்புத் துரு. அரசியின் தம்பியுடையது.'

கூடம் அதிர்ந்தது. பல் டாக்டரே கைதட்டினார்.

"அரசியோட தம்பின்னா?" என்றார் கடைக்காரர்.

"ராஜாவோட மைத்துனன், மாமா."

"அத முதல்லயே சொல்லியிருந்தா மூணு மணி நேரம் மிச்சம்டா!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒருவரும் பணம் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு பேர் அவரிடமே வந்து, இரண்டாம் பாகத்தில் மணி மறுபடி அடிக்குமா என்று கேட்டார்கள். "போய் வேலையப் பாருங்க," என்று விரட்டினார்.

சென்டர்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நீட்டினான். மைத்துனன் அதை அப்படியே மாமாவிடம் தள்ளப் பார்த்தான். அவர் வாங்கவில்லை. உள்ளங்கையை விரித்தார்.

"எண்ணி வை. தம்பியை நம்பித்தான் அங்க ஒரு ராணி செத்தா."

எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். மைத்துனன் ஒவ்வொன்றாக வைத்தான். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. முப்பத்து நாலு. முப்பத்தைந்து. முப்பத்தாறு.