தோளில் இருந்த கை

அந்தப் பாட்டுக் குழுவின் பாட்டு எங்காவது ஒலித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீக்கடையாக இருந்தால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஊரே கொண்டாடுகிறதே, உனக்கு மட்டும் என்ன வந்தது என்று என் கணவர் கேட்பார். எனக்குப் பத்து வயதில் வந்த கோபம் அது, இன்னும் போகவில்லை.

சினிமா பக்கம் போகாமல், தாங்களே பாட்டெழுதி, கிடாரை மாட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் பாடிய திருச்சிப் பையன்கள் அவர்கள். என் அப்பா காலத்து இளைஞர்கள் அவர்கள் பின்னால் பித்துப் பிடித்து அலைந்தார்களாம். பிறகு தங்களுக்குள் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள். இருபத்தைந்து வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஒன்று சேர்ந்தார்கள். ‘கடைசியாக ஒரே ஒரு முறை’ என்று போஸ்டர் அடித்து ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். மறு வருஷமும் அதே போஸ்டர் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. ஒவ்வொரு கடைசி முறைக்கும் முன்னால் பழைய பாட்டுகளுக்கே புதிய அட்டை போட்டு ஒரு சிடி வெளியிடுவார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற அதே பத்துப் பாட்டுதான். அதையும் வரிசையில் நின்று வாங்க ஆள் இருந்தார்கள். எங்கள் பெரியப்பாவும் இருந்தார்.

அப்பா துபாயில் வேலை பார்த்ததால் நானும் அம்மாவும் திருச்சி கைலாசபுரத்தில் பெரியப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது. தொழிற்சாலை விட்டு வந்தால் நான்தான் அவருக்கு எல்லாம். நான் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசிகர் கூட்டம் எங்கள் வீட்டில் கூடும். டவுனில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு மாமா, மணப்பாறையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தோடு வருகிற ஒரு வாத்தியார். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்குகிறார், எந்தப் பாட்டில் யாரோ இருமியது பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. அடுத்த நிகழ்ச்சி தஞ்சாவூரா கரூரா என்று தெரிந்ததும் யார் டிக்கெட் எடுப்பது, எந்த பஸ்ஸில் போவது என்று கல்யாண வீடு மாதிரிப் பேச்சு நடக்கும்.

மூன்றாவது வருஷத்து சிடியின் அட்டையில் ஒரு பழைய புகைப்படம் போட்டிருந்தார்கள். இளவயதில் குழுவினர் ஐந்து பேரும் வரிசையாக நிற்கிறார்கள். வலது ஓரத்தில் கிடார்க்காரர். அவர் தோளில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டு வரை கை, அதில் ஒரு வாட்ச், அதோடு படம் முடிந்துவிட்டது. கைக்குச் சொந்தக்காரரைக் காணோம்.

பாய் வாட்ச் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அட்டையை ஆராய்ந்தார்.

“வலது கையில வாட்ச் கட்டியிருக்காரு, பாத்தீங்களா? இடது கைப் பழக்கம் உள்ள ஆளு.”

“மேனேஜரா இருக்கும் பாய்” என்றார் வாத்தியார்.

“மேனேஜர் எதுக்குங்க தோள்ல கை போடறாரு? இது வேன் டிரைவர்” என்றார் ரயில்வே மாமா. கடைசியில் வேன் டிரைவர் என்றே தீர்மானம் ஆயிற்று.

பெரியப்பா இடது கையில் டீ டம்ளரைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் வாட்ச் இருந்தது. இருமலைக்கூட விடாமல் கண்டுபிடிக்கிறவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. “டீ ஆறுதுங்க, குடிங்க” என்றார் பெரியப்பா.

எனக்கு அது யார் கை என்று தெரியும். பெரியம்மாவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், அந்தக் குழுவின் முதல் கேசட் இருந்தது. உள்ளூரில் போட்ட சில பிரதிகளில் ஒன்று. அதன் அட்டையில் இதே படம்தான், ஆனால் அதில் ஆறு பேர். ஆறாவது ஆள் சுருட்டை முடியும் இடுக்கிய பாங்கோ டிரம்முமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா! பெரியம்மாவைக் குடைந்ததில் விஷயம் வந்தது. அந்தக் கேசட்டில் வாசித்தது அவர்தான். அது வெளியான மாதமே தொழிற்சாலை வேலைக்கு ஆர்டர் வந்தது. வேலையை விட்டுவிட்டுப் பாட்டோடு போகத் தாத்தா விடவில்லை. மற்ற ஐந்து பேரும் இவரைக் கழற்றிவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறினார்கள்.

“அதையெல்லாம் கிளறாதடி. அவருக்குப் பிடிக்காது” என்றாள் பெரியம்மா.

கிளறாமல் என்ன செய்வது? வேன் டிரைவராமே! கத்தரியை எடுத்து ஒரு மனுஷனை வெட்டியிருக்கிறார்கள், கையை மட்டும் வெட்ட முடியாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கும்பலுக்குத்தான் இவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்க் கை தட்டுகிறார். அவர்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி எனக்கு இவர் மேலும் இருந்தது.

அந்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நிகழ்ச்சி. நான் கேசட் அட்டையைக் கவுன் பையில் ஒளித்துக்கொண்டு போனேன். பாட்டெல்லாம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு ஐந்து பேரும் கையெழுத்துப் போட உட்கார்ந்தார்கள். பாயும் மாமாவும் வாத்தியாரும் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். பெரியப்பா எப்போதும்போல, “கூட்டமா இருக்கு, நீங்க போயிட்டு வாங்க” என்று குழாயடிப் பக்கம் ஒதுங்கினார். எந்த ஊரிலும் அவர் அந்த வரிசையில் நின்றதில்லை.

எனக்குக் கையெழுத்து வேண்டும் என்று அடம் பிடித்தேன். அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கடைசியில் என்னோடு வந்து வரிசையில் நின்றார். அவர் கையை நான் விடவில்லை. எங்களுக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மேஜை மேல் கேசட் அட்டையைத் தட்டி வைத்தேன். “இது எங்க பெரியப்பா. ஏன் வெட்டினீங்க?”

பாடகர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “அடேயப்பா, இது இன்னும் இருக்கா!” என்று பக்கத்திலிருந்த கிடார்க்காரரிடம் நீட்டினார். படத்தில் அந்தக் கையைத் தோளில் தாங்கி நின்ற அதே மனிதர் ஆறாவது ஆளின் மேல் விரலை வைத்து, “இது யாருப்பா?” என்றார்.

“யாரோ. அப்ப எத்தனையோ பேரு வந்து வாசிச்சிட்டுப் போவாங்க” என்ற பாடகர், நிமிர்ந்து பெரியப்பாவை நேராகப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். “சாருக்குத் தெரியுங்களா, யாருன்னு?”

பெரியப்பா அட்டையை ஒரு முறை பார்த்தார். “தெரியலீங்க. பாப்பா சும்மா விளையாட்டுக்குச் சொல்லுது” என்றார்.

பாடகர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். “யார் பேருக்குப் போடட்டும் சார்? உங்க பேரு?”

பெரியப்பா என் பேரைச் சொன்னார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. “நீங்க பொய் சொல்லிட்டீங்க, பயந்தாங்கொள்ளி” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். அவர் என்னை அதட்டவில்லை. “தண்ணி குடிக்கிறியாம்மா?” என்று பாட்டிலை நீட்டினார். நான் வாங்கவில்லை. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருஷமும் போஸ்டர் வந்தது. முழங்கால் வலி என்று அவர் போகவில்லை. பிறகு எந்த வருஷமும் போகவில்லை. சிடிகளையெல்லாம் ஒரு பையில் போட்டு பாயிடம் கொடுத்துவிட்டார். மனுஷருக்கு இப்போதாவது ரோஷம் வந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூன்று வருஷமாக அவர் அந்த மேஜைப் பக்கம் ஏன் போகவில்லை என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. போகாத வரைக்கும், போனால் அடையாளம் கண்டு எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க முடிந்தது. முகத்தைப் பார்த்தும் தெரியாமல் போன பிறகு, பேரைச் சொல்லியும் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வார்? அதனால்தான் என் பேரைச் சொன்னார். அந்த ஐந்து பேர் வெட்டியது ஒரு படத்தைத்தான். அழுது அடம் பிடித்து, அவர் கையைப் பிடித்து அந்த மேஜைக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்தியது நான்.