கிணற்று வாயில் உட்கார்ந்து கேட்ட ஜெபம்

எட்டு வருஷம் எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. சபைக்குத் தவறாமல் வருவேன். பாட்டுப் பாடுவேன். எல்லோரையும் விடச் சத்தமாக ஆமென் சொல்வேன். ஆனால் "இப்போது அவரவர் தனியாக ஜெபியுங்கள்" என்று போதகர் சொன்னதும் எனக்கு ஒரு வார்த்தையும் வராது. கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர்கள் நான் ஏதோ ஆழமான ஜெபத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் எலிசபெத். கஹவத்தைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருக்கிறேன். தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன பிறகு அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. இருபது பிள்ளைகளை அதட்டித் தூங்கவைத்துப் பழகியதால் என் குரல் கொஞ்சம் பெரியது. என் வீட்டுக்காரர் மாரிமுத்து மாணிக்கக் குழியில் இறந்துபோனார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் ஏன் அந்தக் குழிக்குள் இறங்கினார் என்பது தெரியாது. அதை நான் இந்தச் சபையில் யாரிடமும் சொன்னதில்லை.

ரப்பர் மலைக்குக் கீழே மாணிக்கக் கல்லுக்காக யாரோ தோண்டிவிட்டுப் போன பழைய குழி அது. அன்றைக்கு முன்பின் தெரியாத ஒரு ஆள் உள்ளே மயங்கிக் கிடந்தார். மேலே பெரிய கூட்டம், நம் சபைக்காரர் ஒருவரும் இல்லை. என் வீட்டுக்காரர் எதையும் யோசித்துச் செய்கிறவர், தேத்தண்ணியைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார். அன்றைக்கும் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டு யோசித்தபடி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன்.

"ஒரு மனுசன் சாகக் கெடக்கிறான். ஆம்பளையா நின்னு வேடிக்கை பாக்குறீங்களே."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துவாயை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினார். பாதியிலேயே கை விட்டுப்போனது. இரண்டு பேரையும் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

அப்புறம் வந்த மாணிக்கக் குழிக்காரர் ஒருவர் கூட்டத்தில் பொதுவாகச் சொன்னார். கெட்ட காற்று நிற்கிற இடத்தில் யார் இறங்கினாலும் விழுந்துவிடுவார்கள், ஈரத்துணியெல்லாம் அதைத் தடுக்காது, பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் உள்ளே காற்று ஊதுகிற மிஷினைக் கொண்டுவந்து முதல் ஆளையாவது காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அந்த மனுஷனை நான் வருஷக்கணக்கில் வெறுத்தேன்.

அன்றிலிருந்து யாருக்கு என்ன நடந்தாலும் நான் தலையிட்டதில்லை. பஸ்ஸில் யாராவது ஒரு பெண்ணிடம் வம்பு பண்ணினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் அடிதடி என்றால் கதவைச் சாத்திக்கொள்வேன். வழியில் மாணிக்கக் குழி எதையாவது கண்டால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவேன். "ஆண்டவரே, இனி ஒருவருடைய ஆபத்தையும் என் கண்ணில் காட்டாதேயும்" என்று ஒரே ஒரு தடவை மனதுக்குள் கேட்டிருந்தேன். அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதற்காக இன்றைக்கு அவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

போன மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. முன்பு என்னோடு வேலை செய்த பாக்கியம் அக்காவுக்குச் சுகமில்லை என்று பார்க்கப் போனேன். அவர் இருப்பது வேறு தோட்டம். அங்கே எனக்கு வேறு யாரையும் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது கீழே வயலில் ஒரு மாணிக்கக் குழி வேலை நடந்துகொண்டிருந்தது. ஓலைக்கூரை தெரிந்தது, மிஷின் சத்தமும் கேட்டது. வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறினேன்.

லயத்தின் கோடியில் ஒரே அழுகைச் சத்தம். வெயில் காலம், தண்ணீர் அடியில் போயிருந்ததால் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து இழுத்தால் தண்ணீர் ஏறவில்லை என்று பெட்ரோலில் ஓடுகிற பம்பையே கிணற்றுக்குள் இறக்கி, பாதி ஆழத்தில் பலகை போட்டு அதில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். புகை முழுக்க உள்ளேயே நின்றுவிட்டது. குழாய் அடைத்துக்கொண்டதைப் பார்க்க இறங்கிய செல்வம் என்பவர் அப்படியே பலகையில் சாய்ந்துவிட்டார். பம்பும் நின்றுபோயிருந்தது. உள்ளேயிருந்து அவர் முனகுவது கேட்டது.

அவருடைய மச்சான் குமார் அப்போதுதான் நாலு படி இறங்கி, தலை சுற்றி, எப்படியோ மேலே வந்து விழுந்திருந்தான். மறுபடி இறங்க ஒரு துவாயை நனைத்துக்கொண்டிருந்தான். துவாயைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பிப் போய்விடத்தான் நினைத்தேன். இரண்டு எட்டு வைத்தும் விட்டேன்.

அப்போது செல்வத்தின் மனைவி சரோஜா தன் தம்பி குமாரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஒம் மச்சான் உள்ள கெடக்கிறாரு. துணி நனைச்சிக்கிட்டு நிக்கிறியே, நீ ஆம்பளையாடா?"

அது என் குரல். எட்டு வருஷத்துக்கு முந்திய என்னுடைய குரலேதான். அதற்கு மேல் என்னால் ஒரு எட்டும் வைக்க முடியவில்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். கிணற்றுச் சுவரில் இரும்புப் படிகள் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. அந்தப் படிகளுக்கு மேலே, காலை உள்ளே தொங்கப் போட்டுக்கொண்டு, கிணற்று வாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டாமல் இனி யாரும் இறங்க முடியாது. பிடித்து இழுத்தால் நான் உள்ளே விழுவேன் என்பதால் யாரும் கை வைக்கவும் துணியவில்லை.

"யாரும் எறங்கக் கூடாது. உள்ள காத்து கெட்டுப் போயிருக்கு. எறங்குனா ரெண்டு பொணம்."

"யாருங்க நீங்க?" என்று குமார் கேட்டான். "எங்கேருந்து வந்தீங்க? எந்திரிங்க முதல்ல."

"நான் யாருங்கிறத அப்புறம் சொல்றேன் தம்பி. அங்க நிக்கிற ஆட்டோ யாருது?"

ஆட்டோக்காரர் கையைத் தூக்கினார். என் காம்பராக் குரலை எடுத்தேன்.

"கீழ வயல்ல மாணிக்கக் குழி வேலை நடக்குது. அவங்ககிட்ட காத்து மிஷின் இருக்கும். ஆள் கெணத்துல விழுந்துட்டாருன்னு சொல்லி மிஷினோட கூட்டிக்கிட்டு வாங்க. நிக்காதீங்க, ஓடுங்க."

பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேனே, அந்தக் குழிதான்.

மற்றவர்களிடம் இலைக் கொப்புகளை வெட்டி, வாளிக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழும் ஆட்டச் சொன்னேன். கொஞ்சமாவது காற்று போகட்டும் என்று. இரண்டு பேர் அதைச் செய்தார்கள். மற்றவர்கள் என்னைத் திட்டினார்கள். சரோஜா பின்னால் வந்து என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புருசன் செத்தா ஒன்னைய சும்மா விடமாட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் செத்துப்போனால் தடுத்தது நான்தானே. உள்ளேயிருந்து முனகல் வரும்போதெல்லாம் எழும்பிவிடலாமா என்று இருந்தது. நான் நினைத்தது பிழையாக இருந்தால்? அந்த ஆட்டோ திரும்பி வராவிட்டால்? ஒரு தடவை பேச்சால் ஒருவரைக் கொன்றேன், இந்தத் தடவை உட்கார்ந்து கொல்லப்போகிறேனா? முனகல் நின்றபோது குமார் அழுதுகொண்டே என் காலடியில் உட்கார்ந்து, "விடுங்கம்மா, விடுங்கம்மா" என்று கெஞ்சினான். திட்டியதையெல்லாம் தாங்கிய எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. எழும்புவதற்காக என் கை தானாகச் சுவரில் ஊன்றியது.

அப்போதுதான் ஜெபித்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு வாய் விட்டு வந்த ஜெபம். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, என்னை எழும்ப விடாதேயும். அவரை மூச்சு விடப் பண்ணும். என்னை எழும்ப விடாதேயும்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆட்டோ சத்தம் கேட்டது. நிற்பதற்கு முன்பே ஒரு ஆள் தோளில் குழாய்ச் சுருளோடு குதித்து ஓடி வந்தார். வரும்போதே கத்தினார்.

"கவுருவத் பஹின்ன எப்பா. அக்கே, ஒஹோம இன்ன."

யாரும் இறங்காதீர்கள், அக்கா நீங்கள் அப்படியே இருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நான் வானத்தைப் பார்த்துக் கேட்டதற்கு வயலிலிருந்து வந்த ஒரு மனுஷன் பதில் சொல்கிறார். அவர் பெயர் குணே அய்யா என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

மிஷினை ஓடவிட்டுக் குழாயை உள்ளே இறக்கினார்கள். காற்று இரைந்துகொண்டு போனது. அவர் அவசரப்படவே இல்லை. அந்த நிதானத்தைப் பார்க்க எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. நல்லாய்க் காற்றுப் போன பிறகு இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை நாலு பேரிடம் கொடுத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"தென் நெகிடின்ன, அக்கே."

இப்போது எழும்புங்கள் என்றார். எழும்பத்தான் நினைத்தேன், கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. குமார்தான் என்னைத் தூக்கி ஓரத்தில் உட்காரவைத்தான்.

செல்வத்தைக் கயிற்றில் கட்டி மேலே எடுத்தார்கள். முகமெல்லாம் சேறு. தரையில் கிடத்தியதும் நெஞ்சு ஏறி இறங்கியது தெரிந்தது. உயிர் இருக்கிறது என்று யாரோ சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதோம். அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் வைத்தார்கள். மறுநாள் காலையில் கண் விழித்து, பம்ப் என்னாச்சு என்று கேட்டாராம். இரவல் பம்பாம்.

மூன்று வாரம் கழித்து அவரும் சரோஜாவும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் காம்பராவுக்கு வந்தார்கள். பிள்ளைகள் பழத்தைக் கண்டதும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு முடியப் புடிச்சி இழுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

"முடி மிச்சம் இருந்ததே பெரிய காரியம்" என்றேன். சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சிச்சு?"

அவளிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். குழி, துவாய், நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றையும். சரோஜா வெளியே புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அதையேதானே அக்கா சொன்னேன்" என்றாள். "எந்தம்பி எறங்கியிருந்தா, இன்னைக்கு நானும் ஒங்கள மாதிரிதானே இருந்திருப்பேன்."

அதுவரை நான் செல்வத்துக்காகவும் குமாருக்காகவும்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் அந்தக் கிணற்றடியில் மூன்றாவதாக ஒருத்தியையும் காப்பாற்றியிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. எட்டு வருஷம் நான் பட்டதை அவள் படாமல் இருக்க என்னை அங்கே உட்காரவைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, காம்பராத் தரையில் முழங்காலிட்டு, என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி அழுதேன். என்னை மன்னியும் என்று கேட்டேன். மனம் இவ்வளவு லேசாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பே கேட்டிருப்பேன்.

இப்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில்லை. போன வாரம் பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளையிடம் வம்பு பண்ணியவனை என் காம்பராக் குரலில் நாலு வார்த்தை கேட்டேன், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஆபத்தில் இருக்கிறவர்களைக் கண்டால் போய்விடாதீர்கள். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் தெரிந்தவர்களைக் கூப்பிட ஓடுங்கள். அவசரப்பட்டு இறங்குகிறவர்களைத் தடுக்க வேண்டியிருந்தால் தடுங்கள், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை. எது சரி என்று அந்த நேரத்தில் தெரியாமல் தவித்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு இரண்டு வரிதான் வந்தது, அவர் அதையும் கேட்டார்.

நான் பேசி முடித்துவிட்டேன். போதகர் ஐயா, அவரவர் தனியாக ஜெபியுங்கள் என்று இனி நீங்கள் சொல்லலாம். நானும் ஜெபிக்கிறேன்.