பங்களாவில் எடுத்தது

ஈரக் கம்பளிக்குள் பேரிக்காய் கிடந்து பழுத்தால் ஒரு வாசனை வரும். பாதி தேன், பாதி ஆட்டுப்பட்டி. ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் நாங்கள் குடியிருந்த தகரவீட்டின் மூலையில், ஆடி மாதம் முழுக்க அந்த வாசனைதான். அம்மாவின் "சாக்ஸ் தொரட்டி"யிலிருந்து வந்தது அது.

அம்மா ஒரு மிஸ்ஸியம்மாவின் பங்களாத் தோட்டத்தில் பேரிக்காய் பறித்தாள். மிஷன் வெள்ளைக்காரப் பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வெறும் தொரட்டியால் இழுத்தால் காய் தரையில் விழுந்து கன்றிவிடும் என்பதால், அந்த வீட்டுத் துரை போட்டுக் கிழித்துப் பங்களாக் குப்பையில் எறிந்திருந்த, முழங்கால்வரை வரும் கம்பளிச் சாக்ஸ் ஒன்றைப் பொறுக்கிவந்து, குதிகால் ஓட்டையைப் பச்சை நூலால் தைத்து, வாயில் கம்பி வளையம் கோத்து, மூங்கில் நுனியில் கட்டிவிட்டாள். காம்பை வளையத்தில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினால் காய் சாக்ஸுக்குள் உட்கார்ந்துகொள்ளும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாக யோசித்தது.

எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் "கைவேலைத் திருவிழா" நடக்கும். வீட்டில் உள்ளதைக்கொண்டு வீட்டார் செய்த எதையும் கொண்டுவரலாம். மீன் டப்பாவில் செய்த பஸ், சாக்கை மடித்துத் தைத்த மழைக் "கொங்காணி", பைன்காய்க் கோழி என்று பார்க்க ஊரே திரண்டு வரும். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை வைக்கவேண்டும்: செய்தவர் யார், என்ன சாமான், அது எங்கே கிடைத்தது.

முதல் இரண்டு வரிகளை நொடியில் எழுதிய எனக்கு மூன்றாவதில் கை நின்றுவிட்டது. "குப்பையில் பொறுக்கியது" என்பதுதான் உண்மை. ஆனால் அதை எழுதினால் மறுநாளிலிருந்து வகுப்பில் என் பெயரே "பொறுக்கி" ஆகிவிடும், எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வாய் எனக்குத் தெரியாதா? பெரிய கெட்டிக்காரி மாதிரி, "பங்களாவில் எடுத்தது" என்று எழுதிவைத்தேன்.

தொரட்டியைச் சுற்றிக் கூட்டமான கூட்டம். உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட பேரிக்காயை ஆளாளுக்குப் பறித்துப் பார்த்தார்கள். துவைத்த சேலையோடு வாசலில் நின்ற அம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அப்போதுதான் மிஸ்ஸியம்மா வந்தார். சாக்ஸை அடையாளம் கண்டு அவரும் சிரித்தார், பிறகு குனிந்து அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எடுத்ததா? கேக்காம எடுத்ததா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

சுற்றிலும் என் வகுப்பு. குப்பை என்ற ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதற்குமேல் கேட்காமல் வாசல் பக்கம் பார்த்தார். படிக்கத் தெரியாத என் அம்மா, தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பினாள். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

மறு ஆடிக்கு, காய் பறிக்க அம்மாவைக் கூப்பிடப் பங்களாவிலிருந்து ஆள் வரவில்லை. அம்மாவே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"நான் எடுத்துட்டேன்னு நீயே எழுதி வச்சியாமே. குப்பையில கெடந்ததத்தானே புள்ள பொறுக்குனேன், அத எழுதுறதுக்கு என்ன?" என்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "நாளைக்கு வெள்ளனே போயி மிஸ்ஸியம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வா. நம்மளக் களவாணின்னுல்ல நெனச்சிருக்காங்க."

போனேன், பங்களா கேட் வரைக்கும். மறுநாளும் அப்படியே. "சொல்லிட்டியா?" என்று மூன்றாம் நாள் அம்மா கேட்டபோது, "சொல்லிட்டேன்" என்றேன். அந்த வாரம் முழுக்க அம்மா வேறு சோலிக்குப் போகாமல் பங்களா ஆளுக்காகக் காத்திருந்தாள். அப்புறம் உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கப் போய்விட்டாள்.

அந்தப் பங்களா இப்போது லாட்ஜ். பேரி மரங்கள் நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. கைவேலைத் திருவிழாவும் நின்று வெகுகாலமாகிறது, மிஸ்ஸியம்மாவும் எப்போதோ கப்பலேறிவிட்டார். அம்மா படுத்த படுக்கையான பிறகும் ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"புள்ளைய அனுப்பிச் சொன்னப்பெறகும் அந்தம்மாவுக்கு மனசு எரங்கலயே."

"ஆமாம்மா, கல்நெஞ்சுக்காரி" என்றேன் நான்.