மூன்று ஹாரனுக்கும் ஒரு ஹாரனுக்கும் நடுவே

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்கு என் மனைவி எலுமிச்சம்பழம் நறுக்கினாள். நான் அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசனை வந்ததும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. சிரிக்காதீர்கள். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது பாதி வழியில் அடைக்குமே, அதே அடைப்பு. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எத்தினியாவது வளைவு?" என்றாள். என்னோடு குடித்தனம் செய்து அவளுக்கும் பழகிவிட்டது.

ஒன்பதாவது வளைவு. அதைத்தான் அன்றைக்குக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருந்தேன்.

எலுமிச்சம்பழம் இல்லாமல் எங்கள் மலையில் யாரும் பஸ் ஏற மாட்டார்கள். நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டால் வாந்தி வராது என்பார்கள். எனக்கு அதற்கும் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து நான் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். காலையில் இறங்க ஒரு பஸ், சாயங்காலம் ஏற ஒரு பஸ். மேலிருந்து கீழே பதிமூன்று கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் விரல் மடக்கி எண்ணுவேன். பத்து விரல் தீர்ந்தபின் மூன்று வளைவு மீதி இருக்கும். அந்த மூன்றுக்கும் பிடித்துக்கொள்ள விரல் இல்லாத மாதிரி இருக்கும்.

அந்த பஸ் ஒரு தடவைகூடக் கவிழ்ந்ததில்லை. மற்றவர்களுக்கு அது தைரியம். எனக்கு அதுதான் பயமே. இத்தனை நாள் கவிழவில்லையென்றால், மிச்சமிருக்கிற நாட்களில் ஒன்றில்தானே கவிழ வேண்டும்? என் மூளை இன்றைக்கும் இப்படித்தான் ஓடும்.

ஒன்பதாவதுக்கு முனியப்பன் வளைவு என்று பெயர். ரோட்டோரம் ஒரு சூலமும் ஒரு மணியும் உண்டு. அந்த வளைவுக்கு முன்னால் டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடிப்பார். பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். கோழிக்கூடை வைத்திருப்பவர் அதைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கும்பிடுவார். கண்டக்டர் டிக்கெட் கட்டை அக்குளில் செருகிக்கொள்வார். பேச்சு நின்றுவிடும். வண்டி சாயும், டயருக்கடியில் ஜல்லி நொறுங்கும், ஒரு கணம் கற்பூர வாசனை வரும். வளைவு தாண்டியதும் ஒரே ஒரு ஹாரன். கண்ணைத் திறக்கலாம் என்று அர்த்தம். விட்ட இடத்திலிருந்து எல்லாரும் பேச ஆரம்பிப்பார்கள்.

நான் முதல் ஹாரனுக்கே மூடுவேன். கடைசி ஹாரன் அடித்த பிறகும் கொஞ்ச தூரம் திறக்க மாட்டேன். ஊரில் எனக்குப் பக்தியான பையன் என்று பெயர். முனியப்பனுக்கு உண்மை தெரிந்திருக்கும்.

எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவு முடிந்த அன்று வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். மறுநாளும் வலித்தது. அதற்கு மறுநாளும். வயலில் சாமை அடித்துக்கொண்டிருந்த நைனா ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம், "வூட்ல குந்திக்கினு வலிக்கிறது, இங்க வந்து தூத்திக்கினே வலிக்கட்டும்" என்றார். போய்த் தூற்றினேன். படிப்பு அத்தோடு நின்றது. பஸ்ஸுக்குப் பயந்துதான் நின்றேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

பஸ்ஸை விட்டேனே தவிர, வளைவுகள் என்னை விடவில்லை. பாதியில் நின்ற கணக்கு நோட்டில் நிறைய வெள்ளைப் பக்கங்கள் இருந்தன. அவற்றில் ரோட்டை வரைய ஆரம்பித்தேன். எங்கே தடுப்புச்சுவர், எங்கே சுவர் உடைந்திருக்கிறது, எங்கே எதிரே வரும் வண்டி தெரியாது என்று ஒவ்வொன்றாக. பயப்படுகிற ஒன்றைத் தாளில் பிடித்துப் போட்டுவிட்டால் அது தாளைவிட்டு இறங்கி வராது என்று ஒரு நினைப்பு.

பிறகு, சந்தை கூடும் ஊரில் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சிக்னல் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். அந்தச் சும்மா நேரத்தில்தான் போனில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று அறிமுகமானது. அதில் நாமே ரோடு செய்து சேர்க்கலாம். கம்ப்யூட்டரில் மலையை எழுப்பி, சரிவு கொடுத்து, தார் போட்டு, மரம் நட்டு, ஒவ்வொரு மைல்கல்லாக வைக்க வேண்டும். கணக்கு நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எங்கள் மலை ரோட்டைச் செய்தேன். ரெண்டு வருஷம் ஆயிற்று. இணையத்தில் போட்டதும் யார் யாரோ அதில் பஸ் ஓட்டினார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "அண்ணா, உங்க ரோட்டுல போனா வயித்தப் பொரட்டுது" என்று எழுதினார். என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு அது.

இதில் ஒன்றை மறைத்திருந்தேன். ஒன்பதாவது வளைவைச் செய்ய உட்கார்ந்தபோது நோட்டில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. கண்ணை மூடி யோசித்தால் இருட்டும் கற்பூரமும்தான் வந்தன. வானத்திலிருந்து எடுத்த படத்தில் வெறும் மரங்கள். விளையாட்டுத்தானே என்று, லேசாக வளைந்த அகலமான ரோடு ஒன்றைப் போட்டு, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, அடுத்த வளைவுக்குப் போனேன். அந்த இடம் எப்படி இருந்திருந்தால் நான் பத்தாவது படித்திருப்பேனோ, அப்படி.

கொஞ்ச நாளில் நிர்மலா என்றொரு மேடம் போன் செய்தார். கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கம்பெனியாம். நிஜ பஸ்ஸில் ஏறும் முன்பு, ஸ்டியரிங்கும் பெரிய திரையும் வைத்த ஓர் இருக்கையில் உட்காரவைத்துப் பழக்குவார்களாம். என் மலை ரோடு வேண்டும், அது பிடித்துப்போனால் மற்ற மலை ரோடுகளையும் நானே செய்து தரலாம், மாதச் சம்பளம் என்றார்.

"இதுல பழகிட்டு நேரா அந்த ரோட்டுக்கே வண்டி எடுத்துட்டுப் போறவங்க இருப்பாங்க. அளவெல்லாம் சரியாத்தான இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க மேடம்" என்றேன்.

சொன்னதுதான் தெரியும், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத ஒரு டிரைவர் என் மனசுக்குள் பஸ்ஸை இறக்கிக்கொண்டே இருந்தார். எட்டு வளைவு ஒழுங்காகத் திரும்புவார். ஒன்பதில், நான் கற்றுக்கொடுத்தபடி ஸ்டியரிங்கை லேசாகத் தொடுவார். பின்னால் அத்தனை பேரும் கைகூப்பி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருவேளை நான் போட்டது சரியாகக்கூட இருக்கலாம் என்று விசாரித்துப் பார்த்தேன். அம்மாவிடம் கேட்டேன். முனியப்பன் இடது பக்கம் இருப்பார் என்றாள். வளைவு எந்தப் பக்கம் திரும்பும் என்றால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்காவைக் கேட்டால், அங்கே சில்லென்று காற்று வரும் என்றாள். டீக்கடையில் நாலு பேரைக் கேட்டேன். மணிச்சத்தம், கற்பூரம், ஜல்லி நொறுங்குவது என்று ஆளுக்கொன்று சொன்னார்களே தவிர, ரோட்டைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒரு மலையே அந்த வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறது.

கடைசியில் கோவிந்தன்தான் பிடித்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் வாந்திக்கு ஜன்னலைத் திறந்துவிட்டவன். இப்போது ஷேர் ஜீப் ஓட்டுகிறான். ஜீப்புக்கு ஆள் சேரும்வரை என் போனை வாங்கி அந்த ரோட்டில் பஸ் ஓட்டிப் பார்த்தான். ஒன்பதாவதில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னாடா இது, கலெக்டர் ஆபீஸ் ரோடு மாதிரி வுட்டு வச்சிருக்க?"

டீக்கடையில் யாருக்கும் தெரியவில்லை என்றேன்.

"எப்டிடா தெரியும்? நீங்கள்லாம் கண்ண மூடிக்கினு கும்புடுவீங்க. நானும் மூடினா, முனியப்பனா ஸ்டியரிங்கப் புடிப்பாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிரைவரால் கும்பிட முடியாது. அந்த ஹாரன்தான் அவருடைய கும்பிடு.

மறுநாள் காலை அவன் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து போனேன். எட்டாவது தாண்டினோம். கோவிந்தன் மூன்று தடவை ஹாரன் அடித்தான். இமை தானாக இறங்கியது. "தொறடா" என்றான். விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், சொன்னால் நம்ப மாட்டீர்கள், நிஜமாகவே விரலால்.

உள்பக்கம் ஒரு பாறை, மாட்டின் திமில் மாதிரி ரோட்டுக்குள் பிதுங்கியிருந்தது. அதை ஒட்டித் திரும்பினால் பஸ்ஸின் பின்பக்கம் இடிக்கும். அதனால் வண்டியைப் பள்ளத்தின் பக்கமே விட்டு, முகப்பு ஆகாயத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்போது ஒடிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் சுவர் உடைந்திருந்தது. சுவரில்லாத அந்தச் சின்ன இடைவெளிக்குப் பக்கத்தில் சூலம். ரெண்டரை வருஷம், நாளுக்கு ரெண்டு தடவை, நான் அங்கே ஆகாயத்தில் தொங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

இறங்கி, கயிறு பிடித்து அளந்தேன். ஓரத்தை அளக்கும்போது நிற்க முடியவில்லை, மண்டியிட்டுத்தான் போனேன். பாறையின் அந்தப் பக்கம் நின்று, வருகிற வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த கோவிந்தன், "பரவால்ல, இப்பத்தான் ஒழுங்கா கும்புடுற" என்றான்.

அங்கிருந்தே நிர்மலா மேடத்துக்குப் போன் செய்தேன். வீட்டுக்குப் போனால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும். "ஒரு வளைவு தப்புங்க மேடம். பாக்காம போட்டுட்டேன்" என்றேன். ஏன் பார்க்கவில்லை என்றார். கண்ணை மூடியிருந்தேன் என்றேன். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"மத்த பன்னெண்டுலயும் தொறந்திருந்தீங்களா?" என்று கேட்டார்.

திரும்பவும் பதிமூன்றையும் கயிறு பிடித்து அளந்துவிட்டு அனுப்பினேன். வேலை கிடைத்தது. அதற்கப்புறம் எத்தனையோ மலை ரோடுகள் செய்துவிட்டேன். வெளியூர் மலைகளுக்கெல்லாம் அதே கயிற்றோடு போய் வருகிறேன். ஒவ்வொன்றையும் அனுப்பும்போது அதே டிரைவர் என் மனசுக்குள் வண்டியை இறக்குகிறார். பயம் போனால் வேலையும் போய்விடும் என்று இப்போது பயமாக இருக்கிறது.

சரி, எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். எங்கள் ரோட்டை அகலப்படுத்தி முடித்துவிட்டார்கள், பழைய ஒன்பதாவது வளைவை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள் என்று கம்பெனியிலிருந்து சொல்லியிருந்தார்கள். பாறையை வெட்டியாயிற்று. இருபக்கமும் உயரமான சுவர். புதிய அளவைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தேடி எடுத்தேன். அன்றைக்கு நான் பார்க்காமல் பொய்யாகப் போட்டிருந்த அதே ரோடு. ஏறக்குறைய அச்சு அசல்.

அளவெடுக்க அதற்கு முந்தின நாள் பஸ்ஸில்தான் போயிருந்தேன். ஹாரன் எதுவும் கேட்கவில்லை. யாரும் பேச்சை நிறுத்தவில்லை. எதிர் இருக்கையில் ஒரு பையன் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு மட்டும் அந்த இடத்தில் கை கூடி, கண் தானாக மூடிக்கொண்டது. பக்கத்தில் புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் தோளைத் தட்டினார்.

"இன்னாப்பா, தல சுத்துதா? எலுமிச்சங்கா தரட்டுமா?"

"இல்லீங்கம்மா, முனியப்பன்."

"அவர எடுத்துக்கினு போய் அடிவாரத்துல வச்சிட்டாங்களே, தெரியாதா? இங்க ஒண்ணும் இல்ல. கண்ணத் தொற."

திறந்தேன். ரோடு கிட்டத்தட்ட நேராக இருந்தது.