கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ராக்னா

கார்வின் ஊருக்கென்று சம்பளம் வாங்கி ஆடும் பேஸ்பால் அணி இருந்தது மொத்தம் மூன்று கோடைகள்தான். மூன்றாவது கோடையும் முழுசாக இல்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் பேச உட்கார்ந்துவிட்டால் முப்பது வருஷம் ஆடிய அணியைப் போலத்தான் பேசுவார்கள். ராக்னா டாலஃப்சன் பக்கத்தில் வந்தால் மட்டும் பேச்சு சோளத்துக்கும் மழைக்கும் திரும்பிவிடும். அவள் மனசு நோகக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள். அவளோ, ஊருக்குத் தன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை என்றே எடுத்துக்கொண்டாள்.

ஐயோவா மாநிலத்தில் ஒரே ரயில் பாதையில் இருந்த ஆறு சின்ன ஊர்கள் சேர்ந்து 1907இல் ஒரு போட்டித் தொடரைத் தொடங்கின. ஒவ்வொரு ஊரும் வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தது, உள்ளூரிலும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டது. கார்வினில் அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவன் ராக்னாவின் புருஷன் ஹால்வர். வயலில் புதைக்கும் மண்குழாய்களைச் சுடுகிற சூளையில் வேலை. மட்டையைக் கையில் கொடுத்தால் பந்து எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

அவனும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்பு மரம் வெட்டும் முகாம், அறுவடைக் கூட்டம், ஆற்றுக் கப்பல் என்று எங்கும் ஒரு வருஷம் தங்கியதில்லை. காலில் சக்கரம் கட்டியவனுக்குப் போய்க் கழுத்தை நீட்டுகிறாயே என்று ராக்னாவின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கட்டிய முதல் வருஷத்திலேயே அவன் ரயில் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருப்பதை ராக்னா இரண்டு தடவை பார்த்துவிட்டாள். அப்போதுதான் அணி வந்தது. ஹால்வர் அட்டவணையைத் தொடுவதை விட்டான். ஆட்ட மைதானம் வீட்டுக்குப் பின்தெருவில். தட்டில் சாப்பாடு ஆறுவதற்குள் வந்துவிடுவான். அணி இருக்கும்வரை புருஷன் இருப்பான் என்பது ராக்னாவின் கணக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அணிக்குச் சட்டை தைக்க ஆள் தேடியபோது, கூலி வேண்டாம் என்று முதலில் போய் நின்றவள் அவள்தான்.

கருஞ்சிவப்புச் சட்டை. இரண்டு கோடை அதைத்தான் போட்டு ஆடினார்கள். எந்தச் சட்டை எங்கே கிழிந்தது, எப்படித் தைத்தது என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். ஹால்வர் ஒரு தடவை வேலியில் மோதித் தோளைக் கிழித்துக்கொண்டு வந்தான். அந்த நிற நூல் கைவசம் இல்லாததால் கறுப்பு நூலில் தைத்துக் கொடுத்தாள். மூன்றாவது கோடையில் அணியின் தலைவர், இரும்புக்கடை பிக்ஸ்பி, வெள்ளைச் சட்டைதான் நாகரிகம் என்றார். வெள்ளையில் தைத்தாள். பழையவற்றைத் துவைத்து மடித்துப் பெட்டியில் போட்டு வைத்தாள்.

கூட்டம் அதிகமான நாட்களில் பலகை இருக்கைகள் போதாது. மைதானத்தின் கோடியில் ஒரு கயிறு கட்டி, அதற்குப் பின்னால் ஜனங்களை நிற்க விடுவார்கள். பந்து உயரப் பறந்து கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்தால் அடித்த அணிக்கு லாபம். விழுவதற்குள் எதிராளி ஓடிவந்து கையில் பிடித்துவிட்டால் அடித்தவன் அவுட். கூட்டத்துக்குள் புகுந்து பிடித்தாலும் அவுட்தான். இங்கேதான் ஊர்க்காரர்களின் சாமர்த்தியம். தங்கள் ஊர் ஆள் பந்தைத் துரத்தி வந்தால் கயிற்றைத் தூக்கிவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்குவார்கள். வெளியூர் ஆள் வந்தால் தோளோடு தோள் ஒட்டிச் சுவராக நிற்பார்கள். பெண்கள் பாவாடையை விரித்துக்கொள்வார்கள், யாராவது ஒரு கிழவர் குடையை விரிப்பார். ஆறு ஊரிலும் இது நடந்தது. நடுவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

ராக்னா நிற்பது எப்போதும் இடதுகோடியில், ஹால்வர் காவல் நிற்கும் பக்கம். பக்கத்தில் அவளுடைய தோழி கோரா. பந்து மேலே ஏறியதுமே ராக்னாவின் கை கயிற்றுக்குப் போகும், முழங்கை கோராவை இடிக்கும். "ஏடி, என் விலா எலும்பு என்ன உங்க வீட்டுக் கதவா?" என்பாள் கோரா. மற்றவர்கள் ராக்னாவைப் பார்த்து ஒதுங்கப் பழகியிருந்தார்கள்.

1909இல் நடு சீசனிலேயே பணத்துக்கு முட்டுப்பாடு வந்தது. ஆறு ஊரைக் கட்டி இழுக்க முடியாது, ஜூலை நான்காம் தேதி ஆட்டங்கள் முடிந்ததும் கடைசி இரண்டு ஊர்கள் வெளியேற வேண்டும் என்று தொடரை நடத்துகிறவர்கள் அறிவித்தார்கள். ஓர் ஊர் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இன்னொன்று கார்வினா, டென்பியா என்பது மட்டும் பாக்கி. நான்காம் தேதி கார்வினும் டென்பியும் மோதுவதாக இருந்தது. தோற்ற ஊரில் அதன்பிறகு அணி கிடையாது.

அன்று காலை ராக்னா முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது பிக்ஸ்பி வேர்க்க விறுவிறுக்க வந்தார். டென்பி ஆட்கள் இறங்கிவிட்டார்கள், அவர்களுடைய உடுப்புப் பெட்டியை இறக்காமலே ரயில் போய்விட்டது. சுதந்திர நாள் என்பதால் பத்து மைல் சுற்று வட்டாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டம் இல்லை என்று சொன்னால் கடையை உடைப்பார்கள். பழைய சட்டைகளைக் கொடுக்க முடியுமா என்று கெஞ்சினார்.

"பனியனோட ஆடட்டுமே. டிக்கெட் இன்னும் விக்கும்," என்றான் ஹால்வர், வாயில் ரொட்டியோடு.

ராக்னா சிரித்துக்கொண்டே போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஆட்டம் நடந்தால்தானே ஜெயிக்க முடியும்? சுருக்கம் இருந்த காலர்களுக்கு ஒரு தேய்ப்புத் தேய்த்தே கொடுத்தனுப்பினாள்.

கருஞ்சிவப்பில் டென்பி இறங்கியபோது கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. நம்ம பேய்களே எதிரே வந்து நிற்கின்றன என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் பந்தடித்தபோது பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவர்களும் உண்டு. எல்லாம் வேடிக்கையாகவே இருந்தது. கயிற்றுப் பக்கம் மட்டும் ஒரு பந்தும் வரவில்லை.

கடைசிச் சுற்று. கார்வின் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. இன்னும் ஓர் ஆள் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. களத்தில் இரண்டு பேர் ஓடக் காத்திருந்தார்கள், அவர்கள் வந்து சேர்ந்தால் வெற்றி. மட்டை பிடிக்க வந்தவன் ஹால்வர். ராக்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

மட்டையின் சத்தத்தில் திறந்தாள். பந்து வெயிலுக்குள் ஏறி மறைந்தது, பிறகு இடதுகோடியை நோக்கி, அவளை நோக்கி, இறங்கத் தொடங்கியது. அதன் கீழே முகத்தை வானத்துக்குத் திருப்பிக்கொண்டு ஓர் ஆள் பின்னோக்கி ஓடிவந்தான். முதுகு முழுக்கக் கருஞ்சிவப்பு. தோளில் கறுப்பு நூல்.

"வழி விடுங்க!" என்று கத்தினான் அவன்.

ராக்னா கயிற்றைத் தூக்கினாள். முழங்கை கோராவை இடித்தது. இடதுகோடி முழுதும் திரை விலகுவதுபோல் இரண்டாகப் பிரிந்தது. அந்த ஆள் கயிற்றுக்குக் கீழே புகுந்து, அவள் நின்றிருந்த இடத்திலேயே நின்று, இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்தான். அவன் திரும்பியபோதுதான் முகத்தைப் பார்த்தாள். தெரியாத முகம். அவனே திகைத்துப்போயிருந்தான். "ரொம்ப நன்றிங்க," என்றான்.

பிக்ஸ்பி நடுவரிடம் ஓடினார். இதே மாதிரி நீங்கள் எத்தனை பிடித்திருக்கிறீர்கள் என்று நடுவர் திருப்பிக் கேட்டார். கூட்டம் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டது. பிறகு ஒவ்வொருவராக ராக்னாவைப் பார்த்தார்கள். எல்லோரும்தான் நகர்ந்தார்கள் என்று கோரா உரக்கச் சொன்னாள். ராக்னா தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிய ஓட்டத்தில் பாதி வழியில் நின்றுவிட்ட ஹால்வர் இடுப்பில் கை வைத்து இந்தப் பக்கமே பார்த்தபடி இருந்தான்.

சாயங்காலம் வீட்டில் அவன் திட்டவில்லை. அவித்த பீன்ஸைச் சாப்பிட்டான், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். திட்டியிருந்தால் அவளும் அழுது தீர்த்திருப்பாள்.

"அது உன் சட்டை, ஹால்," என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"கறுப்பு நூல் கண்ணுல பட்டுது. கை தானா போயிடுச்சு."

ஹால்வர் தட்டை நகர்த்தினான். "நான் அங்க மட்டையோட நின்னேனே, ராக்னா."

கொஞ்சம் பொறுத்து, டென்பி அணியின் பொறுப்பாளர் டோலன் தன்னைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னான். அணி இழந்த ஊர்களிலிருந்து நல்ல ஆட்களைச் சேர்க்கிறார்களாம். சனிக்கிழமை ரயில்.

போகாதே, சூளை இருக்கிறது, நான் இருக்கிறேன் என்று சொல்லத்தான் ராக்னா இரண்டு வருஷமாக மனசுக்குள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். இன்றைக்கு எந்த வாயால் சொல்வது? அவன் ஆட்டத்தைப் பிடுங்கிக் கொடுத்ததே தன் கைதானே. எழுந்துபோய் அவனுடைய காலுறைகளை மடிக்கத் தொடங்கினாள். அவன் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். ஏதோ கேட்கக் காத்திருப்பவன்போல் இருந்தது. பிறகு புகைபிடிக்க வெளியே போனான்.

டென்பி மூன்று மணி நேரப் பயணம்தான். திங்கட்கிழமைகளில் வந்தான். ஆகஸ்ட்டில் டென்பிக்காரர்கள் அவனுடைய ஒப்பந்தத்தை வெகுதூரத்தில், மொன்டானாவில் ஓர் அணிக்கு விற்றார்கள். இலையுதிர்காலத்தில் வந்து குளிர்காலம் முழுக்கச் சூளையில் வேலை செய்தான். இருவரும் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, அதைச் சுற்றியே நடந்தார்கள். பனி உருகுவதற்கு முன்பே கிளம்பிவிட்டான். அடுத்த இலையுதிர்காலத்தில் பணம் மட்டும் வந்தது. அதற்கடுத்த வருஷம் அதுவும் நின்றது.

சீசன் முடியட்டும், வந்துவிடுவான் என்று ராக்னா கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். யாரும் கேட்காமல் போன பிறகு தனக்கே சொல்லிக்கொண்டாள். காலம் பூராவும் எவனும் ஆட முடியாது. முட்டியோ தோளோ ஒருநாள் போகும், அன்றைக்கு வீட்டு ஞாபகம் வரும். ஊர்ப் பெண்களுக்குத் துணி தைத்துக் காலம் தள்ளினாள். எட்டு வருஷம் அப்படியே ஓடியது.

கோராவின் புருஷன் எட் கிணற்றுப் பம்பு விற்கிறவன். ஒரு கோடையில் முதல் தடவையாக மேற்கே மொன்டானாவரை போய்வந்தான். வந்த மறுநாள் கோரா அவனைத் தனியாக ராக்னாவிடம் அனுப்பினாள், தன்னால் சொல்ல முடியாது என்று. ராக்னா தான் சுட்ட ஆப்பிள் பையில் ஒரு துண்டு வெட்டி வைத்தாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒரு மதுக்கடையில் ஹால்வரைப் பார்த்ததாகச் சொன்னான்.

"எப்படி இருக்கான்?"

"சதை போட்டிருக்கான்."

"எந்த டீம்ல ஆடறான் இப்ப?"

எட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "ஆடறதில்ல, ராக்னா. முட்டி போயி நாலு வருஷமாச்சாம். சுரங்கத்துல எடை போடற வேலை. அங்கயே வீடு எடுத்துட்டான்." வீட்டில் வேறு யார் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். குதிரை அடங்கும்வரை ராக்னா அதையே பார்த்தாள்.

"அந்த ஆட்டத்தப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"சொன்னான். சட்டை, கயிறு எல்லாம். என்னப் பாத்ததும் அதத்தான் முதல்ல ஆரம்பிச்சான்."

"இன்னும் கோவமா இருக்கானா?"

"கோவமா?" அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "கடையே விழுந்து விழுந்து சிரிச்சுது. ரொம்ப சிரிச்சவன் அவன்தான். அடிக்கடி சொல்ற கதையாம், பக்கத்துல இருந்தவனுக்கெல்லாம் மனப்பாடம்."

ராக்னா தலையசைத்தாள். பிறகு எழுந்து அவன் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். துண்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. எட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் விழும் சத்தம் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தான். அது வெகுநேரம் நிற்கவில்லை.