அண்ணாவின் கைக்குப் பந்து வந்த ஆட்டம்

பதினொரு வயது வரை என் அண்ணாவை நான் பின்பக்கமாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அகன்ற முதுகு, அதில் தொண்ணூற்று நான்கு என்று பெரிய வெள்ளை இலக்கம். முகம் தெரியாது என்றில்லை. பலெர்மோவில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் அவருடைய படங்கள் நாலைந்து இருந்தன. ஆனால் படத்தில் இருக்கிற முகம் கண் சிமிட்டாது, எச்சில் விழுங்காது, நாம் கதிரையை இழுத்தால் திரும்பிப் பார்க்காது. அசைகிற முகத்தை நான் கண்டதேயில்லை.

அம்மா மன்னாரிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்டபோது அண்ணாவுக்கு எட்டு வயது. அப்பா முன்னரே இங்கே வந்துவிட்டார். அம்மா வந்த வழி நாலைந்து நாடுகளைக் களவாகக் கடக்கிற வழி, சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர முடியாது. பெரியப்பாவின் வேலையால் அமெரிக்காவுக்குப் போகவிருந்த பெரியம்மா, "இரண்டு வருசம் என்னோடை இருக்கட்டும்" என்று கடதாசியில் தன் பிள்ளையாக எழுதிக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்ன இரண்டு வருடம் இரண்டு வருடமாக இருந்ததில்லை. முதலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, கிடைக்கவில்லை. அது கிடைத்தபோது, பெடியனின் படிப்பைக் குழப்பக் கூடாது என்றார்கள். படிப்பு ஒருவழியாகச் சரிவந்தபோது அவருக்கு விளையாட்டு வந்து சேர்ந்தது. இதற்கிடையில் நான் இங்கே பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் "எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்கிற குரல்தான் அண்ணா. நான் "நல்லா இருக்கிறன்" என்பேன். அதற்குப் பிறகு இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. அம்மா வாங்கிக்கொள்வார்.

அம்மா விட்டுவந்தது நோஞ்சான் பிள்ளையை. அமெரிக்காவில் என்ன தின்றாரோ, பதினைந்து வயதில் கதவு நிலையில் தலை இடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் அவரைக் கண்டதும் வேறு யோசனை இல்லாமல் அமெரிக்க உதைபந்தாட்டக் குழுவின் முன்வரிசையில் நிறுத்திவிட்டாராம். உதைபந்து என்று பேர்தான், காலால் உதைக்கிறவர்களைக் காண்பது அரிது. முட்டை வடிவப் பந்தை ஒருவன் கையில் வைத்துக்கொண்டு எறிய இடம் பார்ப்பான். அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் காவல் நிற்பார்கள். அந்தக் காவலை உடைத்துக்கொண்டு போய் அவனை விழுத்துவதுதான் அண்ணாவின் வேலை. அதை அவர் நன்றாகச் செய்தார். நன்றாகச் செய்தபடியால் ஒரு பல்கலைக்கழகம் முழுப் புலமைப்பரிசில் கொடுத்து எடுத்துக்கொண்டது. முதல் வருடம் ஆடாமல் ஓரத்து வாங்கில் இருந்தார். இரண்டாம் வருடம் எல்லா ஆட்டத்திலும் நின்றார். மூன்றாம் வருட முடிவில் அந்தப் பகுதியின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரென்று கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தோடு அவர் நிற்கிற படத்தை அம்மா திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சிவப்புப் பல்ப் எரிந்தது.

பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். அதற்குப் பதிலாக ஆட்டங்களைத் தொலைக்காட்சியிலிருந்து டிவிடியில் பதிந்து, மாதத்துக்கு ஒரு தரம் தபாலில் அனுப்புவார். முதல் டிவிடி வந்த கிழமை, ஞாயிறன்று மூன்று பேரும் சேர்ந்திருந்து பார்த்தோம்.

"பந்து எங்கை?" என்று அம்மா கேட்டார்.

"அது அங்காலை போயிட்டுது. உன்ரை மகன் இஞ்சை கீழை கிடக்கிறான்" என்றார் அப்பா.

"ஏன் கிடக்கிறான்? ஆரும் தள்ளினவையே?"

"இல்லையப்பா. அவன்தான் மற்றவையைத் தள்ளினவன். அதுக்குத்தான் அங்கை படிக்க விட்டிருக்கிறாங்கள்."

அம்மா திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, "சின்னனிலை ஆரையும் ஒரு விரலாலை தொடமாட்டான்" என்றார். அறிவிப்பாளர் எங்கள் குடும்பப் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு நாலாவது விதத்தில் நிலைத்தார். அப்பா அதற்குச் சிரித்தார். அரைவாசியில் தூங்கியும் போனார்.

அதற்குப் பிறகு அந்த டிவிடிகளுக்கு நான் மட்டும்தான் ஆள். நாங்கள் நகரத்தின் ஒரேத்தோப் பகுதியில் ஒரு கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருந்தோம். அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் வேலை. அம்மா ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலியப் பெண்மணியை, பார்த்துக்கொள்ளப் போய் ஏழு மணிக்குத்தான் வருவார். எனக்கு ஒரு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். சாவி கழுத்தில் தொங்கும். கதவைத் திறந்து, உள்ளே பூட்டி, காலையில் அம்மா சமைத்து வைத்த பாஸ்தாவைச் சூடாக்காமலே எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பேன். ஒன்றிலிருந்து ஏழு வரை ஆறு மணித்தியாலம். அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது கூட எனக்கு ஒரு ஆள் மாதிரி இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தேன்.

இத்தாலி உலகக் கிண்ணம் வென்ற கோடை அது. அடுத்த மாதங்களில் எங்கள் வகுப்பில் உதைபந்தைத் தவிர வேறு பேச்சில்லை. நானும் எனக்குக் கிடைத்த இடைவெளியில், என் அண்ணா அமெரிக்காவில் பெரிய உதைபந்தாட்டக்காரர் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பையன் உடனே, எத்தனை கோல் அடித்தார் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். பந்தை யாருக்காவது கொடுப்பாரா என்றான். பந்தைத் தொட்டதேயில்லை என்றேன். பொய் சொல்ல எனக்கு அப்போது தெரியாது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் நான், பந்தைத் தொடாத உதைபந்தாட்டக்காரரின் தங்கை.

அந்தக் கேலி கூட எனக்குப் பெரிதாகச் சுடவில்லை. என்னை அரித்தது வேறு. கமரா எப்போதும் பந்தின் பின்னால்தான் போகும். பந்து கையில் கிடைத்தவன் ஓடி முடிந்து, ஓரமாக வந்து தலைக்கவசத்தைக் கழற்றுவான். அப்போது அவன் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து காட்டுவார்கள். வியர்வை, சிரிப்பு, தண்ணீர் குடிக்கிறது எல்லாம் தெரியும். எவனெவனுடைய முகமோ எனக்குப் பாடமாகிவிட்டது. அண்ணா மட்டும் கவசத்தின் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். விழுத்துவார், எழும்புவார், முதுகைத் திருப்பிக்கொண்டு போவார். கடைசி வருடத்தில் அவரைக் குழுவின் தலைவராக்கினார்கள். பணத்துக்கு ஆடுகிற பெரிய குழுக்களிலிருந்து ஆட்கள் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று பெரியப்பா தொலைபேசியில் சத்தமாகச் சொன்னார். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஒரே ஒரு தரம் அவர் கைக்குப் பந்து வந்தால் போதும், முகத்தைக் காட்டிவிடுவார்கள்.

பலெர்மோவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. விசா, பிரசவம், சோதனை, எதுவானாலும் பெல்லெகிரினோ மலையில் இருக்கிற புனித ரொசாலியாவிடம் நேர்த்தி வைத்து, கல் பாவிய பழைய பாதையால் நடந்து ஏறுவார்கள். கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் அந்த ஏற்றத்தில் இல்லை. குகைதான் கோயில். கூரையிலிருந்து வடிகிற தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டு போகும். அந்தப் புரட்டாதியில் அங்கே போனபோது நான் பீலியைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் கேட்டேன். அண்ணாவின் கைக்கு ஒரு தரம் பந்து வர வேண்டும், வந்தால் ஒரு பெரிய மெழுகுதிரி கொளுத்துவேன். வெளியே வந்ததும் அம்மா, "என்ன கேட்டனீ?" என்றார். நான் வாயைத் திறக்க முதலே தானே தடுத்தார்.

"வேண்டாம், சொல்லாதை. நேர்த்தியை வெளியிலை சொன்னால் பலிக்காது, பிள்ளை."

நான் சொல்லவில்லை. இன்று வரை அண்ணாவிடமும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஞாயிறு அல்லாத ஒரு நாளில் பெரியப்பாவின் தொலைபேசி வந்தது. அம்மா கேட்டுக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார். என்னவென்று கேட்டதற்கு அப்பா, "அண்ணாவுக்கு முழங்கால் கொஞ்சம் நொந்து போச்சாம்" என்றார். எனக்கும் படியில் விழுந்து முழங்கால் நொந்திருக்கிறது. மூன்றாம் நாள் மாறிவிட்டது. ஆகையால் நான் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

அந்த மாதத்து டிவிடி வந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. அலுமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்கு அடியில், பிரிக்காத உறையில் இருந்தது. தனியாக இருக்கிற பிள்ளைக்கு வீட்டில் தெரியாத தட்டு என்று ஒன்றில்லை. உறையைக் கிழித்தேன். அண்ணாவைத் தம்பி என்று கூப்பிடுகிற பெரியப்பா டிவிடியில் நீல மையால் எழுதியிருந்தார்: "தம்பி பந்து எடுத்த ஆட்டம்." பந்து கிடைத்ததா, பந்து கிடைத்ததா என்று எத்தனை ஞாயிறு அம்மா கேட்டிருப்பார். மனிதர் அதை மறக்காமல் எழுதி அனுப்பியிருந்தார்.

உடனே போட்டுப் பார்த்தேன். ஆட்டம் முடிகிற நேரம். அண்ணா காவலை உடைத்துக்கொண்டு உள்ளே போய், பந்து வைத்திருந்தவனை அடிக்க, பந்து அவன் கையிலிருந்து கழன்று நிலத்தில் விழுந்தது. முட்டைப் பந்து நேராகத் துள்ளாது, கோணல்மாணலாகத் துள்ளியது. அண்ணா அதன்மேல் விழுந்தார். அவர்மேல் ஒருவன் விழுந்தான். அவன்மேல் இன்னும் நாலைந்து பேர். ஊதுகுழல் ஊதினார்கள். மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். அண்ணா எழும்பவில்லை. பந்து அவர் நெஞ்சுக்குக் கீழே அப்படியே இருந்தது, விடவேயில்லை.

இரண்டு பேர் ஓடிவந்து தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். கமரா கிட்ட வந்தது. அண்ணாவின் முகம் தொலைக்காட்சி முழுவதும் நிறைந்தது. நெற்றியில் தலைமயிர் ஒட்டியிருந்தது. வெளிச்சம் கூசாமல் கண்ணுக்குக் கீழே பூசுகிற கறுப்பு மை கன்னத்தில் கரைந்து ஓடியது. வாய் திறந்து மூடியது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. முகம் அசைந்தது.

நான் கதிரையில் ஏறி நின்று கை தட்டினேன்.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிறகு பாஸ்தாவை எடுத்து வந்து, முகம் மிகக் கிட்ட வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு, அவருக்கு எதிரே இருந்து சாப்பிட்டேன். அண்ணாவோடு நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. எனக்குப் பின்னேரம் போனதே தெரியவில்லை. அன்றைக்கு வீட்டில் இரண்டு பேர் இருந்தோம்.

அந்த முழங்காலை இரண்டு தரம் வெட்டித் தைத்தார்கள் என்பதும், பெரிய குழுக்களின் ஆட்கள் அதற்குப் பிறகு வரவில்லை என்பதும் நான் வளர்ந்த பிறகு கேட்டறிந்தவை. தொண்ணூற்று நான்காம் இலக்கத்தை அடுத்த வருடம் வேறொருவன் போட்டான். அண்ணா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பெடியன்களுக்கு முன்வரிசையில் எப்படிக் குனிந்து நிற்பது என்று சொல்லிக்கொடுக்கிறார். 2009 கோடையில் பலெர்மோவுக்கு வந்தபோது காலை லேசாக இழுத்துத்தான் நடந்தார்.

ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு முன்பு, அந்த டிவிடியைப் பார்த்த கிழமையின் ஞாயிறு. அம்மா மலைக்குப் போகவேண்டும் என்றார். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கார்த்திகைக் குளிரில் கல் சில்லிட்டுக் கிடந்தது. அம்மாவும் எனக்குத் தெரியாமல் பந்துக்குத்தான் நேர்த்தி வைத்திருக்கிறார், அதைத்தான் இன்றைக்குச் செலுத்துகிறார் என்று நினைத்தேன். அப்பா சிகரெட் பற்றவைத்துக்கொண்டு பின்னுக்கு நின்றுவிட்டார். நான் வாங்கிக்கொண்ட மெழுகுதிரியைத் தோளில் சாத்தியபடி பாடிக்கொண்டு ஏறினேன்.

மூன்றாவது வளைவில் அம்மா நின்றார்.

"உனக்கு என்னடி இவ்வளவு புளுகம், சந்தோசமாய்ப் பாடிக்கொண்டு வாறாய்?"

நேர்த்தி பலித்துவிட்டது, இனிச் சொல்லலாம்தானே. என்றாலும் பாதியைத்தான் சொன்னேன். "அண்ணாவின்ரை முகம் பாத்திட்டன், அம்மா. அலுமாரிக்குள்ளை இருந்த டிவிடியிலை."

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா கைப்பிடிச் சுவரில் இருந்தார். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் புகைவிட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தபடி, மிகவும் மெல்லிய குரலில் கேட்டார்.

"எப்பிடி இருக்கிறான்?"

அண்ணாவை அம்மா கடைசியாகக் கண்டு பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது என்று அப்போது நான் கணக்குப் பார்க்கவில்லை. கேட்டதற்குச் சரியான பதில் சொல்லவேண்டும் என்று மட்டும் யோசித்தேன்.

"அழுகிற நேரம் உங்களைப் போலதான் இருக்கிறார்" என்றேன்.

அம்மா சால்வையை இழுத்து முகத்தில் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெறுங்காலில் கல் குத்திவிட்டது என்று நினைத்து, குனிந்து அவர் உள்ளங்காலைத் தட்டிவிட்டேன். "செருப்பைப் போடுங்கோ அம்மா, ரொசாலியா அம்மா கோவிக்கமாட்டா" என்று சொல்லியும் பார்த்தேன். அவர் அசையவில்லை. அப்பா வந்து கூட்டிக்கொண்டு வரட்டும் என்று நான் முன்னால் ஓடினேன்.

குகைக்குள் ஆள் குறைவு. பீலியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, கேட்டதைத் தந்ததற்கு நன்றி சொன்னேன். இவ்வளவு கெதியாகத் தருகிற புனிதையிடம் இன்னொன்றும் கேட்கலாம் என்று தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடுத்த ஆட்டத்திலும் அண்ணாவின் கைக்கே பந்து வரவேண்டும் என்று கேட்டேன்.