ஓரப் பெஞ்சின் பார்வை

நாடகக் குழுவில் பல வருஷம் இருந்தும் அர்த்தநாரி தங்கள் நாடகத்தை ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டடப் படம் வரையப் படித்துவிட்டுப் பாலக்காட்டுக் குழு ஒன்றில் சேர்ந்தார். குழு வருவதற்கு முந்தின நாளே பஸ்ஸில் போய், அரங்கை அளந்து, மேடையில் செட் எப்படி நிற்க வேண்டும் என்று வரைந்து வைப்பது அவர் வேலை. குழு வந்து இறங்கும்போது அவர் அடுத்த ஊரில் இருப்பார்.

செட் ஒன்றுதான்: ஒரு வீட்டுக் கூடம், ஜன்னல், பின்மூலையில் கதவு. அதன் மூலப் படத்தில் அவர் கை வைப்பதில்லை. அதன்மேல், அடியில் உள்ள கோடு தெரிகிற ட்ரேசிங் தாளை விரித்து, அந்தந்த அரங்குக்கென்று தனியாக வரைவார். மேலிருந்து ஒரு தோற்றம், முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தது ஒன்று. மேடை சிறியதென்றால் பக்கச் சுவரை உள்நோக்கிச் சாய்ப்பார். தூண் குறுக்கிட்டால் ஜன்னலை நகர்த்துவார். தாளைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு லாட்ஜில் தனியே சாப்பிட்டுப் படுப்பார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவர் ஊரில் இல்லை. பிறகு பேச்சும் வரவில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம், குமுளியில் ஒரு சின்ன மன்றத்தை அளந்து முடித்த அன்று பெருமழை. கம்பத்துக்கு இறங்கும் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதால் அவர் குமுளியிலேயே தங்கிவிட்டார். மறுநாள் குழு வண்டிப்பெரியாறு பக்கமிருந்து வந்து சேர்ந்தது. சாயங்காலம் அர்த்தநாரி மன்றத்துக்குப் போனார்.

“டிக்கெட்?” என்றார் வாசலில் நின்றவர்.

“நானு செட்டு வரையறவனுங்க.”

“செட்டுக்காரங்க எல்லாம் உள்ள இருக்காங்களே.”

அவர் வாதாடவில்லை. டிக்கெட் வாங்கினார். இடது ஓரப் பெஞ்சில்தான் இடம் இருந்தது.

அவர் வரைந்த கூடத்துக்குள் மனிதர்கள் நடந்தார்கள், சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள். அவர் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மகளாக நடித்தவள் பின்மூலைக்குப் போனாள். அங்கிருந்து அழுகுரல் மட்டும் வந்தது. அவர் சாய்த்த சுவர் அவளை முழுக்க மறைத்திருந்தது. அளந்தபோது பெஞ்சுகள் போட்டிருக்கவில்லை. ஓரத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் சுருளியம்மாள் எட்டி எட்டிப் பார்த்தாள். “அந்தப் புள்ள எங்கிட்டு நின்னு அழுவுது?”

“கதவுகிட்டங்க. பக்கத்துல ஒரு ஜன்னல் இருக்குது. அதப் புடிச்சுட்டு நிப்பாங்கன்னு நெனைக்கிறேன்.”

“என்னத்தச் செவரு வச்சிருக்கான், பாருங்க!”

“நாந்தானுங்க வெச்சேன்.”

அவள் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துவைத்தார்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனார். தச்சர் மிக்கேல் சுவரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அந்தச் செவுத்த இன்னுங் கொஞ்சம் விரிச்சு வெக்கோணும். ஓரத்துலயும் ஆளு உக்காருதுங்க. நாந்தான் அர்த்தநாரி.”

“அண்ணனா? தாள்ல உங்க கையெழுத்துத்தான் பாத்திருக்கேன். வாங்க, எல்லாருங் கூடிச் சாப்புடலாம்.”

சாப்பிட்டார். அவர்கள் முந்தின ஊர்களில் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த ஊர்களுக்கெல்லாம் அவரும் போயிருந்தார், சிரிப்புத்தான் புரியவில்லை. சீக்கிரமே கை கழுவிக்கொண்டு எழுந்தார்.

அதன்பின் ஒவ்வொரு தாளிலும் ஓரப் பெஞ்சிலிருந்து பார்க்கிற தோற்றத்தையும் சேர்த்து வரைந்தார். சில வருஷத்தில் குழு கலைந்தது. கோயம்புத்தூரில் ஒரு கட்டடக் காண்டிராக்டரிடம் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், தான் வரைந்த, இன்னும் பூச்சு முடியாத வீடுகளுக்குள் போய் ஒவ்வோர் அறையிலும் சற்று நின்றுவிட்டு வருவார்.